வேலூர்ப் பக்கம் கிராமத்தில் ஷூட்டிங்கா? முதலில் அந்த இடம் யாருடையது என்று பாருங்கள்

வேலூர்ப் பக்கம் முதல் தடவை படம் எடுக்க வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். பைக்கில் ஒரு நாள் சுற்றுவார்கள், ஒரு ஏரிக்கரையோ பாறைக்குன்றோ கண்ணில் படும், போனில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு பக்கத்து டீக்கடையில் "அண்ணா, இங்க ஷூட்டிங் எடுக்கலாமா?" என்று கேட்பார்கள். கடைக்காரர் "இன்னா தம்பி, தாராளமா எடுங்க" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஆட்சேபணை இல்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் குறும்படத்துக்குச் சாலையோரப் புளியமரங்கள் வேண்டியிருந்தது. ஊர்த் தலைவரிடம் சொன்னோம், அவரும் சரி என்றார், காலை ஆறு மணிக்குக் கேமராவை வைத்துவிட்டோம். கதைப்படி ஒரு பையன் கல்லெறிந்து புளியம்பழம் அடிக்க வேண்டும். நாலாவது டேக்கில் ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கி, "பழத்த எவன்டா அடிக்கச் சொன்னது?" என்று பிடித்துக்கொண்டார். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, மரத்தின் மகசூல் அந்த வருஷத்துக்கு அவர் ஏலத்தில் எடுத்தது. மாசி மாதம், பழம் பறிக்கிற நேரம் வேறு. தலைவர் சொன்ன 'சரி'க்கு அங்கே ஒரு மதிப்பும் இல்லை, ஏனென்றால் சாலையும் அவருடையது இல்லை, மரமும் இல்லை, பழமும் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. பழத்துக்குக் காசைக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, வேறு இடம் தேடுவதற்குள் வெயில் ஏறி அன்றைய நாள் போய்விட்டது.

அதிலிருந்து, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பதற்கு முன்னாலேயே நிலம் யாருடையது என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. கீழே சொல்வதும் அந்த வரிசையில்தான்.

எந்த மாவட்டம்?

கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் இங்கே நிஜமாகவே குழப்பம். பழைய வட ஆற்காடு 1989-ல் இரண்டானது, அதில் மிஞ்சிய வேலூர் 2019-ல் மூன்றானது. ஊர்க்காரர்கள் இன்னும் எல்லாவற்றையும் வேலூர்ப் பக்கம் என்றுதான் சொல்வார்கள், அரசாங்கக் கோப்பு அப்படிச் சொல்லாது. ஆம்பூர், வாணியம்பாடி, ஏலகிரி என்றால் திருப்பத்தூர் கலெக்டர். ஆற்காடு, வாலாஜா, சோளிங்கர், அரக்கோணம் என்றால் ராணிப்பேட்டை. வேலூர் மாவட்டத்தில் இப்போது இருப்பது வேலூர், அணைக்கட்டு, காட்பாடி, குடியாத்தம், பேர்ணாம்பட்டு, கே.வி.குப்பம் ஆகிய ஆறு தாலுகாக்கள்தான். ஜவ்வாது மலை இன்னும் மோசம்: ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம், வானாய்வகம் இருக்கும் காவலூர் திருப்பத்தூர், பீஞ்சமந்தை அணைக்கட்டுத் தாலுகா, அதாவது வேலூர். ஒரே மலையில் காலையில் ஒரு காட்சியும் மாலையில் ஒரு காட்சியும் வைத்தால் இரண்டு கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டியிருக்கும்.

அப்புறம் ஆந்திர எல்லை. சித்தூர் ரோட்டில் கிறிஸ்டியான்பேட்டை, குடியாத்தம் பக்கம் பரதராமி, இவற்றைத் தாண்டினால் உங்கள் கையில் இருக்கும் தமிழ்நாட்டுக் கடிதம் வெறும் காகிதம். ரோட்டில் செக்போஸ்ட் இருக்கிறது, தெரிந்துவிடும். குன்றுக்குப் பின்னால் போனால் போர்டெல்லாம் கிடையாது. சந்தேகம் என்றால் அந்த ஊர் கிராம உதவியாளரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள், எந்தக் கல் வரைக்கும் நம்முடையது என்று அவருக்குத் தெரியும்.

சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் மொத்த வேலையின் அச்சாணி, இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். லொகேஷன் பிடித்துவிட்டது என்றால் நேராக வி.ஏ.ஓ. அலுவலகம். வி.ஏ.ஓ.வுக்கு இரண்டு மூன்று கிராமம் கூடுதல் பொறுப்பாக இருக்கும், அதனால் முதல் தடவையே ஆள் கிடைப்பார் என்று நினைக்க வேண்டாம், போன் செய்துவிட்டுப் போங்கள். இடத்தைக் காட்டினால் சர்வே எண்ணும் உட்பிரிவும் சொல்லிவிடுவார். அந்த எண் கிடைத்ததும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் நீங்களே பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் எல்லாம் பார்க்கலாம்.

அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். நன்செய், புன்செய் என்று யாரோ ஒருவர் பெயரில் இருந்தால் தனியார் நிலம். புறம்போக்கு என்றால் என்ன புறம்போக்கு என்று படியுங்கள்: ஏரி, ஓடை, வண்டிப்பாதை, மேய்க்கால், கல்லாங்குத்து. நீங்கள் 'சும்மா கிடக்கிற பாறை' என்று நினைத்தது கல்லாங்குத்துப் புறம்போக்காக இருந்தால் வருவாய்த் துறை, காப்புக்காட்டு எல்லைக்குள் இருந்தால் வனத்துறை. வெளியில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே பாறைதான்.

தனியார் நிலம் சுலபம் என்று நினைப்போம், அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பட்டா பெரும்பாலும் செத்துப்போன தாத்தா பெயரில் இருக்கும், அல்லது கூட்டுப் பட்டாவாக நாலு அண்ணன் தம்பி பெயர் இருக்கும். உழுகிற தம்பி சரி என்று சொல்லி முன்பணம் வாங்கிவிடுவார், இரண்டாம் நாள் பெங்களூரில் இருக்கும் பெரிய அண்ணனுக்குத் தகவல் போய் அவர் போனில் கத்துவார். கூட்டுப் பட்டா என்றால் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் தமிழிலேயே எழுதுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி வரை, எவ்வளவு பேர், பயிர் மிதிபட்டால் என்ன கணக்கு, கிணற்றில் தண்ணீர் எடுக்கலாமா கூடாதா. படித்துக் காட்டிவிட்டு வாங்குகிற கையெழுத்தில் பிற்பாடு தகராறு குறைவு.

அரசு இடம் என்றால் எந்தக் கதவு

அரசு இடங்களில் படப்பிடிப்புக்கான மனு செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாகப் போகிறது. மாவட்டத்தில் அந்தத் துறையின் ஆள் பி.ஆர்.ஓ., வேலூரில் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே உட்கார்ந்திருப்பார். புதிதாக வருகிறவர் முதலில் அவரைப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் உங்கள் லொகேஷனுக்கு இன்னும் எந்தெந்தத் துறையின் தடையின்மைக் கடிதம் வேண்டும் என்பதை அவரால் சொல்ல முடியும். எந்தத் துறைக்குக் கட்டணம் கட்டினாலும் ரசீது கேளுங்கள், 'அப்புறம் தருகிறோம்' என்றால் பணத்தையும் அப்புறமே கொடுங்கள்.

ஏரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்த மாவட்டத்துக்கு வருகிற பாதிப் பேர் ஏரிக்கரைக்காகத்தான் வருகிறார்கள். ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரித் தண்ணீரில் பாசனமாகிற நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் அந்த ஏரி பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்த நீர்வளத் துறையுடையது, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. அதாவது ஒரு ஏரிக்கு உதவிப் பொறியாளரைப் பார்க்க வேண்டும், அடுத்த ஊர் ஏரிக்கு பி.டி.ஓ.வை. அது மட்டுமா, மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் ஒருவர் இருப்பார். படகு இறக்கினாலோ நடிகர்களைத் தண்ணீரில் குதிக்கவிட்டாலோ அவரிடம் சொல்லாமல் செய்யக் கூடாது. கரைமேல் ஜெனரேட்டர் வண்டி ஏற்றவே ஏற்றாதீர்கள். மழைக்குப் பிறகு கரை ஊறிப்போய் இருக்கும்போது டயர் பதிந்தால் ஊரே திரண்டு வரும், வருவதும் நியாயம்தான்.

பாலாறு வேறு மாதிரிப் பிரச்சினை. வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான், பாலைவனக் காட்சிக்கு நல்ல இடம் என்று எல்லோருக்கும் தோன்றும். விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு லாரி, ஒரு ஜே.சி.பி. ஆற்றுக்குள் இறங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மணல் அள்ள வந்திருக்கிறார்கள் என்றுதான். கடிதம் கையில் இருந்தாலும், முதல் நாள் சாயங்காலமே காவல் நிலையத்துக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் வண்டி எண்ணோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கோட்டை. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரை ஊரார் கேலி செய்வது பழைய கதை. சாமி 1981-ல் திரும்பி வந்துவிட்டார், கோட்டைக்கும் ராஜா இல்லையே தவிர உரிமையாளர் இருக்கிறார்: மத்தியத் தொல்லியல் துறை. கலெக்டர் அனுமதி கொடுத்தாலும் அகழிக் கரையில் ஸ்டாண்டு போட்டுக் கேமரா வைக்க அது போதாது. சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது, விண்ணப்பத்தை இணையத்தில் போட்டுக் கதைச் சுருக்கமும் காட்சி விவரமும் இணைக்க வேண்டும். நாள் கணக்கில் முடியாது, வாரக் கணக்கை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். உள்ளே போனால் இன்னொன்று தெரியும், ஒரே மதிலுக்குள் கோயில், தேவாலயம், அரசு அருங்காட்சியகம் எல்லாம் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கோட்டைக்கு வெளியே செட் போடலாமே என்று யோசிப்பவர்களுக்கு: பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத் தடை உண்டு, ஆணி அடிப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். 1806 சிப்பாய்ப் புரட்சியைப் படமாக்க வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது, கோட்டையை ஒரே நாளில் தூரத்துக் காட்சியாக எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வேறு கருங்கல் சுவர்களில் எடுங்கள் என்பதுதான்.

கோயில்கள் பெரும்பாலும் அறநிலையத் துறையில் வரும். விரிஞ்சிபுரம் மாதிரிப் பெரிய கோயிலென்றால் செயல் அலுவலரிடம் ஆரம்பிக்கும். கருவறைப் பக்கம் கேமரா போகாது, அதைக் கேட்கவே வேண்டாம். கோயில்களுக்குள் கைபேசிக்கே தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது, ஆகவே 'சும்மா போனில் எடுக்கிறோம் சார்' என்பதும் எடுபடாது. கிராமத்து அம்மன் கோயில் பலவும் துறைக்குக் கீழே இருக்காது, தர்மகர்த்தாவும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்துதான் முடிவு சொல்வார்கள்.

காடு என்றால் மாவட்ட வன அலுவலர். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், கேமரா இருக்கிறதா இல்லையா என்பது அடுத்த கேள்வி. அமிர்தி, ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரம் அழகாக இருக்கும், ஆனால் தீப்பந்தம், புகை, இரவுக் காட்சி என்று கதையில் இருந்தால் மனுவிலேயே ஒளிக்காமல் எழுதுங்கள். கோடையில் காட்டுத் தீ பயம் இருக்கிற நேரத்தில் தீப்பந்தக் காட்சிக்கு எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட யோசிப்பார்.

சின்ன ரயில்வே ஸ்டேஷன் வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. லத்தேரி சென்னைக் கோட்டம், கணியம்பாடி திருச்சிக் கோட்டம், ஆனால் ஸ்டேஷன் மாஸ்டரையோ கோட்டத்தையோ பிடித்துப் பயனில்லை. தெற்கு ரயில்வேயின் முதன்மை மக்கள் தொடர்பு அதிகாரி, சென்னை. செலவு அதிகம், குறும்படத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அரசுப் பள்ளிக்கூடம் என்றால் தலைமையாசிரியர் நல்லவராக இருந்தாலும் அவரால் முடிவு சொல்ல முடியாது, முதன்மைக் கல்வி அலுவலரிடம் போங்கள், விடுமுறை நாளைக் கேளுங்கள்.

வெளிநாட்டு யூனிட்டோடு வருகிறீர்கள் என்றால் இதற்கெல்லாம் முன்னால் டெல்லி வேலை ஒன்று இருக்கிறது: தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் இந்தியா சினி ஹப் வழியாக மத்திய அனுமதி.

மனு எப்படி இருக்க வேண்டும்

ஒரே பக்கம், தமிழில். அலுவலகத்தில் அதைப் படிக்கப் போவது கலெக்டர் இல்லை, பிரிவில் உட்கார்ந்திருக்கும் உதவியாளர், அவருக்கு ஒரு நிமிஷத்தில் புரிய வேண்டும். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வழக்கமான வடிவம். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி:

பொருள்: அணைக்கட்டு வட்டம், (ஊர்ப் பெயர்) கிராமம், சர்வே எண் (…), ஏரிக்கரையில் குறும்படம் படமாக்க அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

ஐயா, மேற்கண்ட இடத்தில் (தேதி) முதல் (தேதி) வரை இரண்டு நாட்கள், காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை படப்பிடிப்பு நடத்த விரும்புகிறோம். மொத்தம் 22 பேர், இரண்டு வேன், ஒரு ஜெனரேட்டர் வண்டி. கரைமீது வாகனம் ஏற்றப்பட மாட்டாது. வெடி, தீ, விலங்குகள், ட்ரோன் பயன்பாடு இல்லை. குப்பைகளை நாங்களே அகற்றிவிடுவோம். கதைச் சுருக்கம், புல வரைபட நகல், பொறுப்பாளரின் அடையாள அட்டை நகல் இணைத்துள்ளோம்.

இதில் 'இல்லை' என்று எழுதியதுதான் வேலையைச் சுலபமாக்குகிறது, அதிகாரியின் பயம் எல்லாம் அந்த நாலு சமாச்சாரத்தில்தான். எழுதிவிட்டு மீறாதீர்கள். தபால் பிரிவில் கொடுத்துவிட்டு, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கிழமையும் முக்கியம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்வு நாள், நிற்க இடம் இருக்காது. மே, ஜூன் மாதங்களில் ஜமாபந்தி, அதாவது வருஷாந்திர நிலக் கணக்குத் தணிக்கை, வந்துவிட்டால் தாசில்தாரும் வி.ஏ.ஓ.க்களும் கணக்குப் புத்தகத்தோடு தாலுகா அலுவலகத்தில் இருப்பார்கள். தேர்தல் அறிவித்துவிட்டால் அவ்வளவுதான், பெரும்பாலான கோப்பு தூங்கும். அந்தச் சமயத்தில் ஷூட்டிங்கே நடந்தாலும் 50,000 ரூபாய்க்கு மேல் கையில் ரொக்கம் வைத்துக்கொண்டு ஆவணம் இல்லாமல் சுற்றாதீர்கள், பறக்கும் படை பிடித்தால் யூனிட் பேட்டாவெல்லாம் கருவூலத்துக்குப் போய்விடும்.

குழந்தை, மாடு, ட்ரோன்

கதையில் குழந்தை இருந்தால் மாவட்ட நிர்வாகத்திடம் படிவம் 'சி' கொடுத்துத் தனி அனுமதி வாங்க வேண்டும், இதைக் குறும்படக்காரர்கள் கண்டுகொள்வதே இல்லை. ஒரு நாளைக்கு 5 மணி நேரம்தான், தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, சேர்ந்தாற்போல 27 நாளுக்கு மேல் கூடாது, சம்பளத்தில் 20 சதவீதமாவது குழந்தை பெயரில் வங்கி வைப்பாகப் போட வேண்டும்.

மாடு, நாய், கோழி எதுவானாலும் கதைக்குள் வந்து நடித்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்திடம் முன்கூட்டியே அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் தணிக்கையில் மாட்டும். அதன் தலைமை அலுவலகம் முன்பு சென்னையில் இருந்தது, இப்போது ஹரியானா. இந்தப் பக்கத்து எருது விடும் விழாவை அப்படியே படத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று வருகிறவர்கள் இதை முதலிலேயே யோசியுங்கள்.

ட்ரோனுக்கு 2021 விதிகள். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம் என்பது சரிதான், ஆனால் 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனை வியாபார நோக்கில் பறக்கவிட, ஓட்டுகிறவருக்குச் சான்றிதழ் வேண்டும். அரக்கோணம் பக்கம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத்தளம் இருக்கிறது, அந்தத் திசையில் ட்ரோனை எடுப்பதற்கு முன்னால் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். தொரப்பாடி மத்தியச் சிறைப் பக்கம் யோசிக்கவே வேண்டாம்.

பொம்மைத் துப்பாக்கி, போலீஸ் உடுப்பு இருந்தால் காவல் நிலையத்தில் தனியாக எழுதிக் கொடுங்கள். உடுப்போடு நடிகர் டீ குடிக்க மெயின் ரோட்டுக்குப் போனால் வம்பு.

ஊர் சரி என்று சொல்ல வேண்டும்

காகிதம் எல்லாம் கையில் இருந்தும் ஷூட்டிங் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஊரில் தலைவரைப் பார்ப்பீர்கள், பதவிக்காலம் முடிந்திருந்தால் தனி அலுவலரைப் பார்ப்பீர்கள். அதோடு நாட்டாமை, தர்மகர்த்தா, முக்கியமாகக் காலனியில் இருக்கிற பெரியவர்கள், இவர்களையும் பாருங்கள். ஊரை மட்டும் கேட்டுவிட்டுக் காலனித் தெருவில் கேமராவைத் திருப்புவது இங்கே அடிக்கடி நடக்கிற அசிங்கம். அவர்கள் வீட்டு வாசல் உங்கள் படத்தில் வறுமைக்கு அடையாளமாகத்தான் வரப்போகிறது என்றால் அதையும் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும், அவர்கள் மறுத்தால் அது அவர்கள் உரிமை. கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றால் இரண்டு பக்கத்திலும் எடுங்கள், பேட்டா ஒரே அளவு, சாப்பாடு ஒரே பந்தி.

பேசும்போது தேதியைச் சொல்லி, அன்றைக்கு ஊரில் என்ன விசேஷம் என்று கேளுங்கள். ஆடியில் கூழ் ஊற்றுகிற வாரம் என்றால் விடியற்காலையிலிருந்து குழாய் ரேடியோ, லைவ் சவுண்டு எடுக்கிறவர்கள் அழுதுவிடுவார்கள். வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அன்றைக்கு அந்தப் பக்கம் வண்டியும் கிடைக்காது, போலீஸ் பாதுகாப்பும் கிடைக்காது. சிவராத்திரிக்கு அடுத்த மயானக் கொள்ளை அன்று பாலாற்றங்கரையில் வேலூரே இருக்கும். பாரதக் கூத்து நடக்கிற ஊரில் பத்து நாளைக்கு மேல் இரவெல்லாம் விழித்திருப்பார்கள், பகலில் ஆள் கிடைப்பது கஷ்டம்.

ஷூட்டிங் நாள்

பம்புசெட்டிலிருந்து கரண்ட் இழுக்காதீர்கள். விவசாயி "இழுத்துக்கோ நைனா, ஃப்ரீ கரண்ட்தானே" என்பார். இலவச மின்சாரம் விவசாயத்துக்கு மட்டும், வேறு வேலைக்கு எடுத்தால் மின்சாரச் சட்டப்படி அபராதம் அவர் தலையில் விழும், நீங்கள் அதற்குள் சென்னை போய்ச் சேர்ந்திருப்பீர்கள். ஜெனரேட்டர் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு கேளுங்கள்.

தங்க இடம் முன்கூட்டியே பிடியுங்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜ்களில் சி.எம்.சி.க்கு வந்த நோயாளிக் குடும்பங்கள் நிறைந்திருக்கும், அங்கே முப்பது பேரோடு நள்ளிரவில் கூச்சல் போட்டுக்கொண்டு இறங்குவதும் சரியில்லை. காட்பாடிப் பக்கம் பாருங்கள். சித்திரை, வைகாசியில் வந்தால் பதினொரு மணிக்கு மேல் மூன்றரை வரை எதையும் எடுக்க முடியாது என்று வைத்துத் திட்டம் போடுங்கள், கத்திரி வெயில் இங்கே விளையாட்டில்லை.

அனுமதிக் கடிதங்களின் நகல் மூன்று செட் எடுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று இணை இயக்குநரிடம், மூன்றாவது ஜெனரேட்டர் வண்டி டிரைவரிடம். எல்லோருக்கும் முன்னால் ஊருக்குள் நுழைகிறவர் அவர்தான், முதலில் நிறுத்தப்படுவதும் அவர்தான், அவர் போன் செய்யும்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். முடித்துவிட்டுக் கிளம்பும்போது நில உரிமையாளரைக் கூட்டிக்கொண்டு வயலை ஒரு சுற்று நடந்து, வரப்பு உடைந்திருந்தால் அங்கேயே ஆள் விட்டுக் கட்டிக் கொடுத்து, சேதம் எதுவும் இல்லை என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஏதாவது அலுவலகத்தில் வைப்புத்தொகை கட்டியிருந்தால் அதைத் திரும்பக் கேட்கும்போது இந்த மாதிரிக் கையெழுத்து உதவும்.